பழைய ஆயக்கட்டும் புதுக் காய்ச்சலும்

மேட்டூர் அணை 1934 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் மறுபாதி கல்லணையிலிருந்து புறப்பட்டது. ஊர்க்காரர்கள் இன்றும் புதாறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய் தஞ்சாவூர் நகரத்தை உரசிக்கொண்டு தெற்கே இறங்கி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கங்களுக்கு முதன்முறையாகக் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோனது. அதுவரை அந்தச் சீமை மழையையும் ஏரி குளங்களையும் நம்பியிருந்தது. மேட்டூர்த் திட்டம் புதிதாகப் பாசனத்துக்குக் கொண்டுவந்தது ஏறத்தாழ 3 லட்சம் ஏக்கர். புஞ்சை நஞ்சையானது, நெல் வந்தது, கூடவே குளிர்காய்ச்சலும் வந்தது. பட்டுக்கோட்டைத் தாலுகாவின் புதுப் பாசன ஊர்களில் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்களின் விரலுக்கு, இடது விலாவுக்குக் கீழே மலேரியாவால் வீங்கிய மண்ணீரல் தட்டுப்பட்டது.

வடக்கே கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி வயல்களில் எத்தனையோ நூற்றாண்டுகளாக ஆண்டில் பாதி நாள் தண்ணீர் நிற்கிறது. அந்தப் பழைய ஆயக்கட்டில் மலேரியா பெரிய தொல்லையாக இருக்கவில்லை. ஆறும் ஒன்று, பயிரும் ஒன்று, வெயிலும் மழையும் ஒன்று. ‘நெல்வயல் இருந்தால் கொசு, கொசு இருந்தால் மலேரியா’ என்ற எளிய கணக்கு இங்கே பொய்த்துப்போனது. இரண்டு நிலங்களுக்கும் இடையே இருந்த பெரிய வேறுபாடு வயதுதான். ஒன்று பல நூற்றாண்டுப் பாசனம், மற்றது பிறந்து நான்கைந்து ஆண்டேயான பாசனம்.

ஒரு வட்டாரத்து மக்களின் உடல்நலம் தலைமுறை தலைமுறையாக எப்படி மாறிவந்தது என்று ஆராய நினைப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் தமிழ்நாட்டில் கிடைக்காது என்பது என் எண்ணம். நோய்ப்பரவலியல் தெரிந்தவர் கொசுவையும் மண்ணீரலையும் எண்ணுவார். வரலாறு தெரிந்தவர் எந்த வாய்க்கால் எந்த நூற்றாண்டில் வெட்டப்பட்டது, அதன் கரைக்கு யார் மண் சுமந்தார்கள் என்று கேட்பார். இருவரும் ஒரே வரப்பில் நின்றால்தான் பட்டுக்கோட்டைக் காய்ச்சலுக்கு விடை கிடைக்கும்.

விடை தேடி வந்தவர்களில் முதன்மையானவர் பால் ரஸ்ஸல். அமெரிக்க மருத்துவர், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பன்னாட்டு நலப்பிரிவைச் சேர்ந்தவர். கிண்டி கிங் நிலையத்தின் துணையோடு 1930களின் பிற்பாதியிலும் 1940களின் தொடக்கத்திலும் பட்டுக்கோட்டைப் பகுதியில் அவருடைய குழு வேலை செய்தது. பூச்சியியல் அறிஞர் டி. ராமச்சந்திர ராவ், பொறியாளர் நைப் ஆகியோர் உடனிருந்தனர். மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற கொசு என்பதில் அவர்களுக்கு ஐயம் இல்லை. அது எங்கே முட்டையிடுகிறது, எங்கே முட்டையிட மறுக்கிறது என்பதுதான் கேள்வி.

அவர்கள் செய்த ஒரு சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நாற்று நட்ட புதிதில் வயலில் இந்தக் கொசுவின் புழுக்கள் ஏராளமாக இருந்தன. பயிர் ஓர் அடி உயரம் வளர்ந்ததும் அவை ஏறக்குறைய இல்லாமல் போயின. பயிரின் நிழல் பிடிக்காமல் கொசு விலகுகிறதா, பயிரின் நெருக்கம் தடுக்கிறதா? இதைப் பிரித்தறிய, பயிர் இல்லாத நீர்ப்பரப்பில் மூங்கில் குச்சிகளையும் கண்ணாடிக் கம்பிகளையும் நெற்பயிரைப் போல நெருக்கமாக ஊன்றினார்கள். கண்ணாடி நிழல் தராது. அப்படியும் கொசு முட்டையிடவில்லை. இந்தக் கொசு நீரில் உட்காராமல், நீருக்குச் சற்று மேலே மிதந்தாடியபடியே முட்டைகளை உதிர்க்கும் இயல்புடையது என்பதையும் அவர்கள் கண்டிருந்தார்கள். ஆட இடமில்லாத நீர் அதற்குப் பயன்படாத நீர்.

இதிலிருந்து கிடைத்த முடிவு விவசாயிக்கும் பொறியாளருக்கும் ஒருசேர முக்கியமானது. செழித்து நிற்கும் நெல்வயல் குற்றவாளி அல்ல. நடவுக்கும் பயிர் ஓரடி எழுவதற்கும் இடைப்பட்ட வாரங்கள் ஆபத்தானவை. பயிரிடாமல் நீர் தேங்கிய தரிசு ஆபத்தானது. எல்லாவற்றையும்விடக் கால்வாய்க் கரைக்கு மண் வெட்டியெடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன குழிகள் ஆபத்தானவை. புதாற்றின் நெடுகிலும் அத்தகைய குழிகள் இருந்தன. மதகுகள் ஒழுகின. கரை கசிந்தது. வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலுக்குப் பணம் ஒதுக்கிய அரசு, வயலிலிருந்து தண்ணீரை வெளியேற்றும் வடிகாலுக்கு அதே அக்கறையோடு ஒதுக்கவில்லை. ரஸ்ஸல் 1938இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே குறைபாடுள்ள, சீரற்ற பாசனத்தால் விளையும் மலேரியா என்பதுதான்.

பழைய ஆயக்கட்டில் அந்தக் குறைகள் ஏன் இல்லை? அங்கே கரை எழுப்பிய குழிகள் எப்போதோ தூர்ந்து வயலாகவோ குளமாகவோ மாறிவிட்டன. கன்னி வாய்க்கால், கிளை வாய்க்கால், வடிகால் என்று நீர் வரும் வழியும் போகும் வழியும் பல தலைமுறைகளின் சண்டையிலும் சமரசத்திலும் ஒழுங்குபட்டிருந்தன. மேல்மடைக்காரன் அடைத்தால் கீழ்மடைக்காரன் கேட்பான். வடிகால் அடைத்தால் ஊரே கேட்கும். ஊரார் கூடிச் செய்யும் குடிமராமத்தில் தூர்வாரினார்கள். மண்மேடு இல்லாமல் சமன்பட்ட வயல், ஏறக்குறைய ஒரே காலத்தில் நடப்படும் பயிர், விளிம்புவரை உழப்பட்ட நிலம் ஆகியவற்றில் கொசு ஆடுவதற்கு இடம் குறைவு. நலம் காக்கவென்று யாரும் இதைத் திட்டமிடவில்லை. நெல்லுக்காகச் செய்தது பிள்ளைகளின் மண்ணீரலையும் காத்தது. இந்தக் கடைசி வாக்கியம் என் ஊகம் கலந்தது. ஆனால் புதாற்றங்கரையில் ரஸ்ஸல் குழு பட்டியலிட்ட குறைகள் ஒவ்வொன்றையும் பழைய ஆயக்கட்டோடு ஒப்பிட்டால் வேறு முடிவுக்கு வருவது கடினம்.

பாசனத்தையே மருந்தாக்க முடியுமா என்றும் அவர்கள் சோதித்தார்கள். வயலில் நீரைத் தொடர்ந்து நிறுத்தாமல், சில நாள் பாய்ச்சிச் சில நாள் காயவிட்டால் புழு கொசுவாக மாறுமுன் செத்துப்போகும். 1942இல் அந்த முடிவுகளை வெளியிட்டார்கள். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் விவசாயிகள் சொல்லும் அதே முறை. எழுபது ஆண்டுகள் கழித்து, ஒற்றை நாற்று நடவை ‘ராஜராஜன் 1000’ என்ற பெயரில் தஞ்சாவூரில் பரப்பியபோது வேளாண்மைத் துறை இதே முறையைத் தண்ணீர்ச் சிக்கனத்துக்காகப் பரிந்துரைத்தது. அதே வட்டாரத்தில் அதே முறை ஒருகாலத்தில் நோய்த்தடுப்பாக ஆராயப்பட்டதை வேளாண் அலுவலர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? துறைகளின் நினைவு அவ்வளவு குறுகியது.

ரஸ்ஸல் குழு வீட்டுக்குள் பைரீத்ரம் தெளித்து, உட்கார்ந்திருக்கும் கொசுக்களைக் கொல்லும் முறையையும் கிராமங்களில் பருவம் பருவமாகச் சோதித்தது. ஏழைக் கிராமத்துக்கும் கட்டுப்படியாகும் செலவில் மலேரியாவை அடக்கலாம் என்ற நம்பிக்கை அதில் பிறந்தது. பின்னால் டிடிடி வந்து வீட்டுச் சுவர்களை வெள்ளையாக்கியது. 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வடிகாலைப் பற்றிய பேச்சு அடங்கிப்போனது. சுவரில் மருந்தடிக்க ஒரு துறை போதும். வடிகாலுக்குப் பொதுப்பணித் துறை, வருவாய்த் துறை, சுகாதாரத் துறை, நிலக்கிழார், குத்தகைக்காரர் எல்லோரும் சேரவேண்டும். எளிதானதை நாடு தேர்ந்தெடுத்தது. உயிர்கள் பிழைத்தன, அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் நோய் எந்த மண்குழியிலிருந்து எழுந்ததோ அந்தக் குழி அப்படியே இருந்தது.

கடலுக்கு அப்பால், அதே 1934இல், இதே கொசு இலங்கையில் வேறொரு பாடத்தை எழுதியது. அங்கே மழை பொய்த்தது. ஈர மண்டலத்தில் எப்போதும் வேகமாக ஓடும் ஆறுகள் வற்றி, பாறைகளுக்கும் மணல்திட்டுகளுக்கும் இடையே குட்டைகளாகத் தேங்கின. அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோயில் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டார்கள். வறண்ட மண்டலத்தில் வாழ்ந்து பழகியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச்சக்தி இருந்தது; ஈர மண்டலத்தவருக்கு இல்லை. பட்டுக்கோட்டையில் தண்ணீர் வந்ததால் வந்த நோய், இலங்கையில் தண்ணீர் போனதால் வந்தது. ‘நீர்’ என்ற ஒற்றைக் காரணத்தை இரண்டுக்கும் சொன்னால் ஒன்றும் சொன்னதாகாது.

இலங்கையைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 1946இல் ஆயிரத்துக்கு 20ஐ ஒட்டியிருந்த அந்நாட்டு இறப்பு வீதம் அடுத்த ஆண்டே 14க்கு இறங்கியது. டிடிடி தெளித்ததுதான் காரணம் என்று உலகமே பேசியது. பொருளியலாளர் பீட்டர் நியூமன் அதற்குப் புள்ளியியல் ஆதாரம் காட்டினார். இலங்கை ஆய்வாளர் எஸ். ஏ. மீகம மறுத்தார். மலேரியா இல்லாத மாவட்டங்களிலும் இறப்பு குறைந்திருக்கிறதே, போருக்குப் பிந்தைய உணவு நிலையும் மருத்துவ வசதியின் பரவலும் கணக்கில் வரவேண்டாமா என்று கேட்டார். அந்த விவாதம் முற்றாகத் தீரவில்லை. தீராததால் பயனில்லை என்றும் ஆகாது. ஒரு நல்ல மாற்றத்தின் காரணத்தை ஒரே மருந்தின் தலையில் கட்டும் அவசரத்துக்கு அது ஓர் அணை போட்டது.

நம் ஊர்க் கதையிலும் காரணங்களைப் பிரித்தெடுக்கவேண்டுமென்றால் முதலில் எண்கள் வேண்டும். அந்த எண்களைத் தந்தவர்கள் யார்?

சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஆர். கார்னிஷ்தான் 1871ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அறிக்கையையும் எழுதினார். உயிரோடிருப்பவர்களை எண்ணியவரும் இறந்தவர்களை எண்ணியவரும் ஒருவரே. அவர் மேசைக்கு வந்த இறப்புக் கணக்கின் வேர் கிராமத்தில் இருந்தது. தலையாரியும் வெட்டியானும் சொல்லக் கேட்டுக் கிராம முன்சீப் எழுதினார். மருத்துவர் எவரும் பிணத்தைப் பார்த்ததில்லை. காரணப் பகுப்பில் இருந்தவை சில தலைப்புகள்தான்: காலரா, அம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, விபத்து, மற்றவை. வாந்திபேதியில் ஒரே நாளில் சுருண்டு விழுந்தவரையும் முகமெல்லாம் அம்மை கண்டவரையும் யாரும் தவறாக எழுதமாட்டார்கள். ஆகவே அந்த இரண்டு பத்திகளை நம்பலாம். ‘காய்ச்சல்’ பத்தி எல்லாவற்றையும் கொட்டிவைத்த குப்பைக்கூடை. மலேரியா, டைஃபாய்டு, நிமோனியா, காசநோய், பிரசவக் காய்ச்சல் அனைத்தும் அதில் கிடந்தன. பெயர் சூட்டுமுன் இறந்த குழந்தை பல இடங்களில் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை.

இதைக் காட்டிப் பழைய பதிவேடுகளை ஒதுக்கித் தள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. விடுபடல் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால், அளவு தவறாக இருந்தாலும் ஏற்ற இறக்கம் உண்மை பேசும். காலரா ஆண்டு பதிவேட்டில் மலைபோல எழுந்து நிற்கும். ஆனால் விடுபடல் எல்லாத் தெருக்களிலும் ஒரே அளவில் இருந்ததா என்பது வேறு கேள்வி. காவிரி டெல்டாவில் உழைத்தவர்களில் மிகப்பெரும் பகுதியினர் பண்ணையாட்களாகவும் கூலிகளாகவும் சேரிகளில் வாழ்ந்தார்கள். பதிவேட்டை எழுதியவர் வேறு தெருக்காரர். சேரியில் நிகழ்ந்த சாவு அவர் காதுக்கு எவ்வளவு விரைவில், எவ்வளவு முழுமையாகப் போயிற்று? மாவட்டச் சராசரி இந்தக் கேள்வியை மூடி மறைக்கிறது. தஞ்சாவூரின் நலவரலாற்றை எழுதுகிறவர் முதலில் கிழிக்கவேண்டிய திரை அது.

இன்னொரு சிக்கல் இடப்பெயர்ச்சி. 1901 கணக்கெடுப்பில் தஞ்சாவூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 22 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆனால் முந்தைய பத்தாண்டில் அது வளர்ந்தது 1 சதவீதத்துக்கும் குறைவு. செத்தவர்கள் அதிகமா, போனவர்கள் அதிகமா? நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் ஓடிய காலம் அது. மலேயாவுக்கும் பர்மாவுக்கும் இலங்கைக்கும் ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். திடகாத்திரமான இளைஞர்கள் போய்விட்ட ஊரில் இறப்பு வீதம் உயர்ந்து தெரியும். அவர்களில் பலர் தோட்டக்காட்டில் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் இறந்தார்கள். அந்தச் சாவு தஞ்சாவூர்க் கணக்கில் வராது. டெல்டாவின் நலவரலாற்றில் ஒரு பகுதி கோலாலம்பூர் ஆவணங்களில் கிடக்கிறது. நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் உயரத்தைக் குடியேற்ற அலுவலர்கள் அளந்து எழுதிவைத்தார்கள். பிரென்னன், மெக்டொனால்டு, ஷ்லோமோவிட்ஸ் ஆகிய மூவர் தென்னிந்தியர்களின் அந்த உயரக் கணக்குகளை வைத்து ஆங்கிலேய ஆட்சிக்கால வாழ்க்கைத்தரத்தை ஆராய்ந்து 1994இல் கட்டுரை வெளியிட்டார்கள். வளரும் பருவத்தில் கிடைத்த சோறும் தாக்கிய நோயும் ஒருவரின் உயரத்தில் தங்கிவிடுகின்றன. ஆளை அடையாளம் காண எழுதிய குறிப்பு, அவர் பட்ட பசிக்குச் சாட்சியானது.

காலராவுக்கு வருவோம். இங்கும் ஒரு ரஸ்ஸல் குறுக்கிடுகிறார்; இவர் ஏ. ஜே. எச். ரஸ்ஸல், சென்னை மாகாணத்தின் பொதுச் சுகாதார இயக்குநர். இரண்டு ரஸ்ஸல்களையும் குழப்பிக்கொள்ளும் கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். ஏ. ஜே. எச். ரஸ்ஸலும் சுந்தரராஜனும் 1928இல் வெளியிட்ட ஆய்வு, மாவட்டவாரியான காலராச் சாவுகளைப் பல ஆண்டுகளுக்கு வரிசைப்படுத்தி, ஏறக்குறைய ஆறாண்டுக்கு ஒருமுறை அலை எழுவதைச் சுட்டியது. கிராம முன்சீப் எழுதிய அதே கணக்குதான். புள்ளியியல் தெரிந்தவர் கையில் அது பேசியது. காவிரி டெல்டா, காலரா வந்துபோகும் இடமாக இல்லாமல் தங்கியிருக்கும் இடமாகவே அன்றைய அலுவலர்களுக்குத் தோன்றியது. காரணம் தேடித் தொலைவு போகவேண்டியதில்லை. ஆற்றிலும் வாய்க்காலிலும் குளத்திலும் குளித்து, துவைத்து, மாடு கழுவி, அதையே மொண்டு குடித்த நாடு இது. மேல்மடை ஊரின் பேதி கீழ்மடை ஊருக்குத் தண்ணீரோடு இறங்கியது. வயலுக்கு ஒழுங்காகப் பாய்ந்த பழைய ஆயக்கட்டுத் தண்ணீர் மலேரியாவிலிருந்து மக்களைக் காத்தது. அதே தண்ணீர் குடிதண்ணீரானபோது அவர்களைக் கொன்றது.

கும்பகோணத்துக்கு யானைக்கால் நோயால் கிடைத்த கெட்ட பெயரும் இந்த வரிசையில்தான் வருகிறது. யானைக்காலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு வயல்நீரை நாடுவதில்லை. நகரத்துச் சாக்கடை, கழிவுநீர்க் குழி, நாறும் குட்டைகள்தான் அதன் வீடு. நெருக்கமான தெருக்களும் தாழ்ந்த தரையும் சேர்ந்த பழைய கோயில் நகரங்கள் அதற்கு வசதியாக அமைந்தன. டெல்டாவின் கடலோரத்தில் காரைக்காலில் 1980களில், யானைக்கால் மருந்தைச் சமையல் உப்பில் கலந்து கொடுத்து நோய்க்கிருமியைப் பெருமளவு குறைத்துக்காட்டினார்கள். இங்கும் மருந்து வென்றது. சாக்கடைகளின் வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது.

தண்ணீரோடு சோறும் சேர்ந்ததுதான் டெல்டா. ஆலை அரிசி பரவியபோது ஆந்திரக் கடலோரத்து வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நோய் நிலைகொண்டது. நெல் ஒன்றே உணவாக இருந்த தமிழ் மாவட்டங்களில் அது பெரும்பாலும் தலைகாட்டவில்லை. குன்னூரில் உணவியல் ஆய்வாளர் மெக்காரிசனும் அவருக்குப் பின் அய்க்ராய்டும் நடத்திய ஆராய்ச்சிகள் இதன் காரணத்தைத் தெளிவாக்கின. அங்கே பச்சரிசி, இங்கே புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுக்கப் போய்விடுவதில்லை. புழுங்கல் சோற்றை ஏழை உணவு என்று ஒதுக்கிப் பச்சரிசியை மேன்மையாக எண்ணிய வீடுகள் இதை அறிந்திருக்க வழியில்லை.

சோற்றின் அளவைப் பற்றி அறிய வேறு இடத்துக்குப் போகவேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பித் தொகுத்த ஆய்வு 1918இல் நூலாக வந்தது. அதில் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் பாலக்குறிச்சி; நாகப்பட்டினத்தை அடுத்தது. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு 1930களில் மறுபடி ஆய்வாளர்களை அனுப்பி 1940இல் வெளியிட்டார்கள். பாலக்குறிச்சிக்குப் பின்னாளிலும், அண்மைக்காலம்வரை, ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். மானுடவியலாளர் காத்லீன் கஃப் 1951 முதல் 1953 வரை தங்கிப் படித்த இரண்டு தஞ்சாவூர்க் கிராமங்களுக்கு 1976இல் மீண்டும் போனார். இவை நலத்துக்காகச் செய்த ஆய்வுகள் அல்ல. நிலம் யாரிடம், கூலி எத்தனை மரக்கால், கடன் எவ்வளவு, யார் படித்தார்கள் என்பவையே இவற்றின் விஷயம். ஆனால் ஒரே ஊர் நூறாண்டுக்கு மேலாகப் பலமுறை அளக்கப்பட்டிருப்பது எந்த நாட்டிலும் அரிது. இறப்புப் பதிவேடு சொல்லாத அரை வயிற்றுக் கஞ்சியை இந்தக் கூலிக் கணக்குகள் சொல்கின்றன. பதிவேட்டையும் ஊராய்வையும் ஒரே ஊருக்கு, ஒரே ஆண்டுகளுக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வேலை இன்னும் உரிய அளவில் நடக்கவேண்டியிருக்கிறது.

தனி ஆளின் நோயைத் தேடினால் டெல்டாவில் அதற்கும் ஆவணம் உண்டு. தரங்கம்பாடி மிஷனரி குருண்ட்லர் 1711இல் தமிழ் மருத்துவத்தைப் பற்றி ஒரு கைப்பிரதி எழுதினார். தஞ்சாவூர் மன்னர் இரண்டாம் சரபோஜி தன்வந்திரி மகாலில் நடத்திய கண் சிகிச்சைகளின் நோயாளிக் குறிப்புகள், வரைந்த கண்களின் படங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. சென்னைக் கண் மருத்துவர்கள் அவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மன்னருடைய மருத்துவர் நோயாளியின் கண்ணைப் பார்த்து எழுதினார். பின்வந்த மாகாண அரசு ஆயிரக்கணக்கான சாவுகளை எண்ணாக மட்டும் எழுதியது. இரண்டு வகை எழுத்தும் இருப்பது நம் பேறு.

பழைய முடிவுகளும் நிலையாக நிற்பதில்லை என்பதை மறக்கக் கூடாது. பால் ரஸ்ஸல் ஒரே கொசு என்று கருதிய குலிசிஃபேசிஸ், கண்ணால் பிரித்தறிய முடியாத ஐந்து உடன்பிறப்பு இனங்களின் கூட்டம் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. அவற்றில் ஒன்றான பி இனம் மாட்டு இரத்தத்தையே பெரிதும் விரும்பும். மலேரியாவைப் பரப்புவதில் அதற்குப் பங்கு மிகக் குறைவு. ஐந்தாவதான ஈ இனம் ராமேஸ்வரத்தில்தான் அடையாளம் காணப்பட்டது. அப்படியானால் 1930களில் புதாற்றங்கரைக் குழிகளில் வளர்ந்தவை எவை, பழைய ஆயக்கட்டில் இருந்தவை எவை? நிலத்தின் வயதை வைத்து நான் சொன்ன விளக்கத்தோடு இனவேறுபாடும் சேர்ந்திருக்கலாம். காலராவிலும் இப்படித்தான். 1992இன் பிற்பகுதியில் சென்னையில் தலைகாட்டிய ஓ139 என்ற புதிய வகை, பழைய காலராவுக்குப் பழகிப்போன பெரியவர்களையும் தாக்கியது. முடிந்துவிட்டது என்று நினைத்த அத்தியாயம் மறுபடி திறந்தது.

இன்று டெல்டாவில் கேட்கவேண்டிய கேள்வி வேறு. 2012 முதல் 2019 வரை மேட்டூர் அணை ஒரு முறைகூட வழக்கமான திறப்பு நாளான ஜூன் 12இல் திறக்கப்படவில்லை. குறுவை பல இடங்களில் போனது. 2016-17 வறட்சியில் சம்பாவும் கருகியது. நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களின் கடைமடை ஊர்களில் கூலிவேலை அற்றுப்போனது. அந்த ஆண்டுகளில் கருவுற்ற தாய்மார்கள் ஒவ்வொருவரின் பெயரும் கிராமச் செவிலியரின் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அரசு வழங்கும் பிக்மி எண்ணோடு கணினியிலும் இருக்கிறது. தாயின் எடை, இரத்தச்சோகை, குழந்தையின் பிறப்பு எடை எல்லாம் அதில் உண்டு. எந்த ஊர் எந்த வாய்க்காலில், தலைமடையிலா கடைமடையிலா என்பது நீர்வளத் துறையின் ஆயக்கட்டு வரைபடத்தில் இருக்கிறது. எந்த ஆண்டு எந்த மதகில் எவ்வளவு தண்ணீர் போனது என்ற கணக்கும் அந்தத் துறையிடமே இருக்கிறது.

இந்த மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், தண்ணீர் வராத ஆண்டில் கடைமடையில் பிறந்த குழந்தை எத்தனை கிராம் குறைந்து பிறந்தது, அதே ஆண்டில் நிலமுள்ள வீட்டுக்கும் கூலி வீட்டுக்கும் அந்தக் குறைவு வேறுபட்டதா என்று கண்டுபிடிக்கலாம். இந்தப் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். உயரத்தை மறுபடி அளக்க இன்னும் காலம் இருக்கிறது. ரஸ்ஸல் குழு குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்த அதே பட்டுக்கோட்டையிலும், ஸ்லேட்டரின் மாணவர்கள் போன பாலக்குறிச்சியிலும் தொடங்கினால், முந்தைய அளவுகளோடு ஒப்பிடவும் வழி உண்டு. செவிலியர்களின் காகிதப் பதிவேடுகள் காலக்கெடு முடிந்து பழைய காகிதக் கடைக்குப் போவதற்கு முன்பு, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தும் அவற்றைச் சேகரித்து எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியிலோ வைக்கவேண்டும். அதற்கு ஓர் அரசாணை போதும்.